கீழ்நிலை லீக்கில் விங் ஆடுபவனின் பிழைப்பு எத்தனை ஆண்டு தாங்கும்?

உங்கள் அக்காள் மகனுக்கு வயது 19, சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன், இடது கால் ஆட்டக்காரன், காற்பந்தில் விங்கில், அதாவது கோட்டோரத்துத் தாக்குதல் இடத்தில், ஆடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் பகுதித் தொழில்முறைப் போட்டியான ஏ1 செமி-புரோ லீக்கில் ஆடும் ஓர் அணி மாதம் 1,800 ரிங்கிட் சம்பளத்தில் பத்து மாத ஒப்பந்தம் தர முன்வந்திருக்கிறது. அதே வாரத்தில் ஈப்போ உங்கு ஒமார் பொலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமாவுக்கும் இடம் கிடைத்துவிட்டது. இரண்டில் எதை எடுப்பது என்பது உங்கள் கேள்வி. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. "25 வயதில் அவன் வெறுங்கையோடு வந்து நின்றால், அவனுக்கு அனுமதி வாங்கித் தந்த தாய்மாமனாக நான் அக்காளுக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே, பையனுக்குத் திறமை உண்டா என்பதை விட்டுவிடுகிறேன். அவன் ஆடுவதை நான் பார்த்ததில்லை. கீழ்நிலை லீக்கில் விங் ஆட்டக்காரனாகப் பிழைப்பது எப்படிப்பட்ட தொழில், அதில் எது உறுதி, எது ஐயம், எந்த இடத்தில் ஒரு குடும்பம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். மாரியம்மன் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடையே இருந்த திடலில், மாலையில் மாடுகளை விரட்டிவிட்டுப் பந்து உதைத்து வளர்ந்தேன். தொண்ணூறுகளில் ஐந்து பருவங்கள் இடது விங்கில் ஆடினேன். அவற்றில் மூன்று மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் (எஃப்ஏஎம்) கிண்ணப் போட்டிகளில், இரண்டு அதற்கு மேல் உள்ள பிரிவில். அதற்குப் பிறகு தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை செய்துகொண்டே, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) 'பி' பயிற்றுநர் உரிமம் வைத்திருக்கிறேன். மருத்துவம் படித்தவன் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். காயத்தைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் கீழே எழுதுவதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் களத்தின் அளவைப் பார்ப்போம். 2022-இல் இந்நாட்டின் முதல்நிலையான சூப்பர் லீக்கில் 12 அணிகளும் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் 10 அணிகளும் இருந்தன. அந்தப் பருவத்தோடு பிரிமியர் லீக் நிறுத்தப்பட்டது; 2023-இல் சூப்பர் லீக் 14 அணிகளுடன் தொடங்கியது. இருபத்திரண்டு அணிகள் பதினான்காகக் குறைந்தபோது, அந்த எட்டு அணிகளின் இடங்கள் முழுநேரச் சம்பளப் பட்டியலிலிருந்து நீங்கின. 2024-இல் தொடங்கிய ஏ1 செமி-புரோ லீக் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆனால் அதன் பெயரிலேயே 'செமி' இருப்பதை மறக்கக்கூடாது: ஆட்டக்காரன் வேறு வேலையோ படிப்போ வைத்திருப்பான் என்ற எண்ணத்தின் மேல்தான் அத்தகைய லீக் அமைக்கப்படுகிறது. நம் பையன்களுக்கு ஒரு காலத்தில் தனியாக ஒரு படிக்கட்டும் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி எஃப்ஏஎம் லீக்கிலிருந்து மேலேறி 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கை எட்டியது. 2022 பருவம் முடிந்ததும் விலகிக்கொண்டது. அந்த அணி இருந்தவரை, எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனைப் பார்க்க யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையோடு நாங்கள் பயிற்சி நடத்தினோம். இன்று அவன் தானாகத் தேர்வுத் திடல்களைத் தேடிச் செல்லவேண்டியிருக்கிறது. அந்த வகையில், கையில் ஓர் அழைப்பு வந்திருப்பதே சிறிய செய்தி அன்று.

இனி விங் என்ற இடத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அணியிலேயே மிகவும் சுதந்திரமான இடமாகத் தெரியும். கோட்டோரம் நின்று, பந்து வந்ததும் ஒருவனை ஏமாற்றிக் கடந்து, உள்ளே பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கைதட்டல் வாங்குபவன் அவன். உள்ளே இருந்து பார்த்தால் அதைப்போல் பிறரைச் சார்ந்த இடம் வேறில்லை. தற்காப்பு ஆட்டக்காரனைத் தேடி எதிரணி தானாக வரும். நடுத்திடல் ஆட்டக்காரன் பந்து இருக்கும் இடத்துக்குத் தானே போகலாம். விங்கில் நிற்பவனோ, நடுவில் இருப்பவன் தலையைத் தூக்கிப் பார்த்து, நேரத்தோடு பந்தை அனுப்பினால்தான் ஆட்டத்துக்குள்ளேயே வருவான். நல்ல நடுத்திடல் இல்லாத அணியில் நல்ல விங் ஆட்டக்காரன் இருபது நிமிடம் பந்தைத் தொடாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று மாலை அவனைப் பார்க்க வந்தவர், 'பையன் ஆட்டத்தில் இல்லை' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்.

கீழ்நிலை லீக்கில் இது இன்னும் கடுமையாகிறது. ஊராட்சித் திடல்களில் புல் சீராக இருக்காது. பருவமழைக் காலத்தில் கோட்டோரம்தான் முதலில் தண்ணீர் தேங்கும். காலோடு ஒட்டிப் பந்தை உருட்டிச் செல்பவனுக்கு அந்த ஓரம் பகை. அங்கே பயிற்றுநர்கள் கேட்பது வேறு: நீளமாக உதைத்த பந்தைத் துரத்திப் பிடிப்பது, இரண்டே தொடுகையில் உள்ளே அனுப்புவது, எல்லாவற்றுக்கும் மேலாக, பந்து பறிபோனதும் அறுபது மீட்டர் பின்னோக்கி ஓடித் தன் பின்னால் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரனுக்குத் துணை நிற்பது. 17 வயதில் மூன்று பேரைக் கடந்து சென்ற காணொளியைக் காட்டி ஒருவன் அணிக்குள் நுழையலாம். இரண்டாவது ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் அந்தப் பின்னோக்கிய ஓட்டமே வாங்கித் தருகிறது. இது என் கருத்துதான். ஆனால் என்னிடம் பயின்று சம்பளத்துக்கு ஆடப்போன பையன்களில் யார் நிலைத்தார்கள், யார் ஒரே பருவத்தில் திரும்பினார்கள் என்று எண்ணிப் பார்த்தால், கடந்து செல்லும் திறமையைவிட இந்த ஓட்டமே அவர்களைப் பிரித்திருக்கிறது.

உங்கள் மருமகன் இடது காலாட்டக்காரன் என்பது அவனுக்கு உண்மையான அனுகூலம். இடது காலில் இயல்பாக உதைப்பவர்கள் குறைவு. எந்த அணியும் இடப்பக்கத்துக்கு ஒருவனைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அவனை வலது விங்கில் ஆடவைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொலைக்காட்சியில் பெரிய அணிகள் அப்படித்தான் செய்கின்றன: வலப்பக்கம் நிற்கும் இடது காலாட்டக்காரன் உள்நோக்கி வெட்டி வந்து கோல் அடிக்கிறான். அது சரியாக நடக்க, அவனுக்குப் பின்னாலிருந்து ஓர் ஓரத் தற்காப்பு ஆட்டக்காரன் கோட்டோரமாக முன்னேறி வந்து எதிரணியை இழுக்கவேண்டும். அந்த உதவி இல்லாத அணியில், உள்ளே வெட்டுபவன் நேராக மூன்று பேருக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்வான். இடது விங்கில் கோட்டுவரை ஓடி இடது காலால் பந்து தூக்கிக் கொடுக்கும் பழைய வேலையையும் அவன் விடாமல் பழகவேண்டும். கீழ்நிலை அணிகளில் உயரமான மைய ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பந்துதான் இன்றும் சோறு.

உடலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த இடத்தின் ஆயுளை உடல்தான் தீர்மானிக்கிறது. ஓர் ஆட்டத்தில் முழுவேக ஓட்டம் மிகுதியாக ஓடுபவர்கள் ஓர ஆட்டக்காரர்கள் என்பதை ஆட்ட அளவீடுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த முழுவேகத்தில் அதிகம் கிழிவது பின்தொடைத் தசை. ஐரோப்பாவின் உயர்மட்ட அணிகளை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 2001/02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த பின்தொடைக் காயம் 2021/22-இல் 24 விழுக்காடாகியது. அக்காயங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, ஆறியதாக நினைத்து ஆடப்போன இடத்தில் மீண்டும் கிழிந்தது; அவ்வாறு மறுபடி கிழிந்தவற்றில் பெரும்பகுதி திடலுக்குத் திரும்பிய இரண்டு மாதங்களுக்குள் நடந்தது. முழுநேர மருத்துவர்களும் இயன்முறை வல்லுநர்களும் சூழ்ந்திருக்கும் அணிகளிலேயே இந்த நிலை என்றால், பனிக்கட்டிப் பெட்டியும் தெளிப்பு மருந்தும் மட்டும் இருக்கும் அணியில் என்ன நடக்கும் என்பதை நான் என் காலிலேயே அறிந்துகொண்டேன்.

என் நான்காவது பருவத்தில், ஒரு மாலை ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில், இடது பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை. இரண்டு வாரம் ஓய்வெடுத்தேன். அந்த அணியில் ஆடினால்தான் ஆட்டப்படி, அதாவது ஓர் ஆட்டத்துக்கான படித்தொகை. உட்கார்ந்திருந்தால் அடிப்படைச் சம்பளம் மட்டும், அதுவும் அப்போது இரண்டு மாதம் பாக்கி. மூன்றாவது வாரம், நடக்கும்போது வலிக்கவில்லை என்பதையே சான்றாக எண்ணி ஆடப்போனேன். இருபது நிமிடத்தில் அதே இடம் முன்னிலும் ஆழமாகக் கிழிந்தது. அதன் பிறகு ஐந்து மாதம். மீண்டு வந்தபோது முதல் ஐந்து காலடிகளில் எனக்கிருந்த பாய்ச்சல் போயிருந்தது. பிறர் கண்ணுக்கு அது தெரிந்ததோ இல்லையோ, என்னை எதிர்த்து நின்றவர்களுக்குத் தெரிந்தது. அடுத்த பருவத்தின் இறுதியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அப்போது எனக்கு 26 வயது.

ஆகவே உங்கள் மருமகனிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். ஒன்று, பின்தொடைக்கான பயிற்சி. முழங்காலிட்டு நின்று, கணுக்காலை இன்னொருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து, முடிந்தமட்டும் தாங்கி நிற்கும் நோர்டிக் பயிற்சி அது. அதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. கருவி வேண்டாம், செலவு இல்லை, லயத்து வீட்டு அஞ்சடியிலேயே (முன்தாழ்வாரத்திலேயே) தம்பியையோ தங்கையையோ காலைப் பிடிக்கச் சொல்லிச் செய்யலாம். தொடக்க வாரங்களில் தசை கடுமையாக வலிக்கும். அதனாலேயே பையன்கள் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, கிழிந்தால் வலி நின்றதைக் கணக்கில் கொள்ளாமல், முழுவேகத்தில் பலமுறை ஓடிக் காட்டிய பிறகே ஆடவேண்டும். முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் (ஏசிஎல்) அறுந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் திரும்புவது மறுகாய ஆபத்தைப் பெரிதும் கூட்டுகிறது என்பதும் இப்போது நன்கு அறியப்பட்டது. பயிற்றுநர் அவசரப்படுத்தினால் மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டு, அந்த மறுப்பினால் ஓர் இடம் போனாலும்.

ஆயுளைப் பற்றிக் கேட்டீர்கள். கோல் காவலர் நாற்பதை நெருங்கியும் ஆடுகிறார். நடுத் தற்காப்பு ஆட்டக்காரர் 34, 35 வரை தாங்குகிறார். வேகத்தையே முதலாக வைத்த விங் ஆட்டக்காரனுக்கு 20-களின் நடுப்பகுதிதான் உச்சம். முப்பதைத் தாண்டினால் வேகம் இறங்கத் தொடங்கும். ஸ்டான்லி மேத்யூஸ் ஐம்பது வயதில், 1965-இல், ஸ்டோக் சிட்டிக்காக விங்கில் ஆடியதை எங்கள் காலத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவரைப்போல் இன்னொருவர் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நீண்டகாலம் நிலைத்த விங் ஆட்டக்காரர்களைப் பார்த்தால், அவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் இடம் மாறியிருக்கிறார்கள். நம் நாட்டில் எஸ்.குணாளன் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கே.ராஜகோபால் பயிற்றுவித்து 2010-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தை வென்ற தேசிய அணியில் இருந்தவர் அவர். விங்கில் பெயர் எடுத்த பிறகு, ஜோகூர் டாருல் தாக்சிம் அணியில் வலது ஓரத் தற்காப்பு ஆட்டக்காரராகப் பல ஆண்டுகள் ஆடினார். அந்த இடத்திலும் ஓட்டம் உண்டு, ஆனால் எதிரில் வருபவனைக் கணிக்கும் அனுபவம் வேகத்தின் குறையை ஈடுசெய்கிறது. உங்கள் மருமகன் இப்போதே, பயிற்சி ஆட்டங்களில், தன்னை இடது ஓரத் தற்காப்பில் நிறுத்திப் பார்க்கும்படி கேட்கவேண்டும். பெரும்பாலான பையன்கள் இதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். என் பயிற்றுநர் என்னிடம் 23 வயதில் இதைச் சொன்னபோது நான் மறுத்தேன். இன்றுவரை அந்த மறுப்பு எனக்கு வலிக்கிறது.

பணத்துக்கு வருவோம். மாதம் 1,800 ரிங்கிட், பத்து மாதம், ஆண்டுக்கு 18,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,500. 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. அதாவது, மீதி இரண்டு மாதம் அவன் வேறு வேலை பார்க்காவிட்டால், தொழிற்சாலையில் குறைந்த சம்பளத்தில் நிற்பவனைவிட ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் குறைவாகத்தான் ஈட்டுவான். இதில் ஊழியர் சேமநிதியைச் சேர்க்கவில்லை. தொழிற்சாலையில் முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். 1,700-க்கு அது மாதம் சுமார் 221 ரிங்கிட். அணியின் ஒப்பந்தத்தில் சேமநிதியும் சொக்சோவும் (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) எழுத்தில் இருக்கின்றனவா, அல்லது 'படி' என்ற பெயரில் முழுத்தொகையும் கையில் தரப்படுகிறதா என்று பாருங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வாரத்தில் நான்கு மாலை மோட்டார் சைக்கிளில் போய்வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோலும் பூட்ஸும் அவன் செலவு என்றால் கணக்கு இன்னும் சுருங்கும். இரவு பத்து மணிக்குக் களைத்த உடம்போடு லாரிகள் ஓடும் சாலையில் திரும்புவது எனக்குக் கவலை தருகிறது. அணி தங்குமிடம் தருமா என்பது சம்பளத்தில் நூறு ரிங்கிட் கூட்டிக் கேட்பதைவிட முக்கியமான கேள்வி.

எழுதிய சம்பளம் உரிய நாளில் வருமா என்பது அடுத்தது. சம்பளப் பாக்கி நம் நாட்டுக் காற்பந்தின் பழைய நோய், ஆனால் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலக ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்புரோ 2016-இல் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 ஆட்டக்காரர்களிடம் கேட்டபோது, 41 விழுக்காட்டினர் முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளத் தாமதத்தைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் ஒப்பந்தத்தின் சராசரி நீளம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. 2018 ஜூன் முதல் ஃபிஃபா விதியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: இரண்டு மாதச் சம்பளம் சட்டவிரோதமாக நிறுத்தப்பட்டால், ஆட்டக்காரன் எழுத்து மூலம் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறித்துக்கொள்ளலாம். உள்நாட்டு ஆட்டக்காரனுக்கும் உள்நாட்டு அணிக்கும் இடையே வழக்கு எங்கே போகும் என்பது ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட தீர்ப்பு மன்றத்தைப் பொறுத்தது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். இன்னொன்று, எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாகப் பணம் பெறுபவனே ஃபிஃபா விதியின்படி தொழில்முறை ஆட்டக்காரன். அவனை எந்தத் தகுதியில் பதிவு செய்யப்போகிறார்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ளவேண்டும். மலேசியத் தொழில்முறை காற்பந்து ஆட்டக்காரர் சங்கமான பிஎஃப்ஏஎம் இத்தகைய வழக்குகளில் ஆட்டக்காரர் பக்கம் நிற்கிறது. சிக்கல் வந்த பிறகு அவர்களைத் தேடி ஓடுவதைவிட, கையெழுத்துக்கு முன்பே தாளைக் காட்டுவது மேல்.

ஒப்பந்தத்தில் விங் ஆட்டக்காரன் தனியாகக் கவனிக்கவேண்டிய வரி ஒன்றுண்டு. ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை அனுமதிக்கும் விதி 2020-இல் தற்காலிகமாக வந்து, பின்னர் நிலைத்துவிட்டது. அதிலிருந்து, ஓர் ஆட்டத்தில் வெளியே அழைக்கப்படுபவர்களிலும் பின்பாதியில் உள்ளே அனுப்பப்படுபவர்களிலும் விங் ஆட்டக்காரர்கள் அதிகம். தன் அணியில் ஒருவன் சிவப்பு அட்டை வாங்கினாலும், பலமுறை வெளியேறுபவன் விங்கில் நிற்பவன்தான். ஆகவே ஆட்டப்படி 'முதல் பதினொருவரில் இறங்கினால்' என்று எழுதியிருந்தால் அவன் ஆண்டு முழுவதும் உழைத்தும் பாதிப்படி வாங்காமல் போகலாம். 'ஆட்டத்தில் பங்கேற்றால்' என்று இருக்கவேண்டும். இந்த ஒரு சொல்லை மாற்றக் கேட்பதற்கு எந்த அணியும் கோபித்துக்கொள்ளாது.

தோட்டத்து வழக்கம் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். தீபாவளியை ஒட்டியும் பள்ளி விடுமுறையிலும் ஊருக்கு ஊர் எழுவர் காற்பந்துப் போட்டி நடக்கும். பரிசாக ஓர் ஆட்டுக்கிடாயும் ரொக்கமும் கிடைக்கும். ஒப்பந்த ஆட்டக்காரன் ஒருவன் தங்கள் அணியில் இறங்கினால் கூட்டாளிகளுக்குப் பெருமை. மேடு பள்ளமான சிறிய திடலில், ஒரே நாளில் ஐந்து ஆட்டம், அதிலும் பேர் பெற்றவனைக் காலோடு சேர்த்துத் தடுக்க எல்லோருக்கும் ஆசை. அங்கே அடிபட்டால் அணி சிகிச்சைச் செலவை ஏற்காது; ஒப்பந்தத்தையே ரத்து செய்யவும் அதைக் காரணமாகக் காட்டலாம். என்னிடம் பயின்றவர்களில் மிகச் சிறந்த இடது காலாட்டக்காரன் ஒருவன் முழங்காலை இழந்தது லீக் ஆட்டத்தில் அல்ல, இப்படியொரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில். கூட்டாளிகளின் அழைப்பை ஒரு பத்தொன்பது வயதுப் பையனால் மறுக்க முடியாது. மாமன் தடுத்துவிட்டார் என்று அவன் சொல்லிக்கொள்ள நீங்கள் இடம் கொடுங்கள்.

இவ்வளவும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. எவராலும் உறுதி கூற முடியாதவையும் உண்டு. 19 வயதில் இருக்கும் வேகம் 23-இலும் இருக்குமா என்பது, அவனை எடுத்த பயிற்றுநர் அடுத்த பருவம் இருப்பாரா என்பது, அணிக்குப் பணம் தருபவர் மனம் மாறாமல் இருப்பாரா என்பது ஆகியவை அவன் உழைப்புக்கு வெளியே உள்ளவை. மேல்நிலை அணிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பெரும்பாலும் தாக்குதல் இடங்களுக்கே எடுப்பதால், விங்கிலிருந்து மேலே போகும் வழி தற்காப்பு ஆட்டக்காரனுக்கு இருப்பதைவிடக் குறுகலானது என்பதும் என் கணிப்பு. கீழ்நிலையிலிருந்து மேலே போனவர்கள் உண்டு. ஜேமி வார்டி இங்கிலாந்தின் ஐந்தாம் பிரிவில் ஆடிய ஃபிலீட்வுட் அணியிலிருந்து 2012-இல் லெஸ்டருக்குப் போய் 2016-இல் பிரிமியர் லீக் பட்டம் வென்றார். ஆனால் அந்தக் கதையை வைத்து ஒரு குடும்பம் முடிவெடுக்கக்கூடாது. அவரோடு அந்தக் கீழ் லீக்குகளில் ஆடிய மற்றவர்களைப் பற்றி யாரும் செய்தி எழுதவில்லை.

இனி என் முடிவு. பயிற்சி மாலையில், வாரம் நான்கு நாள், ஈப்போவிலேயே, பொலிடெக்னிக்கும் ஈப்போவில். எனவே இதை ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கும் கேள்வியாக நான் பார்க்கவில்லை. டிப்ளோமாவில் சேரட்டும், ஒப்பந்தத்திலும் கையெழுத்திடட்டும். பொலிடெக்னிக் விடுதியில் இடம் கிடைத்தால் அந்த இரவுப் பயணமும் நின்றுவிடும். இரண்டும் மோதும் வாரங்கள் வரும், குறிப்பாகத் தேர்வுக் காலத்திலும் வெளியூர் ஆட்டங்களின்போதும். அதற்காக, தேர்வு நாட்களில் விடுப்பு என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். அணி முழுநேரமும் வேண்டும், படிப்பை விடு என்று வற்புறுத்தினால், இந்தச் சம்பளத்துக்கு அதை ஏற்கக்கூடாது என்பதே என் நேர்மையான எண்ணம். ஈராண்டு ஒப்பந்தமும், பன்னிரண்டு மாதச் சம்பளமும், சேமநிதியும் எழுத்தில் தந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம். நான் ஆடப்போன காலத்தில் என் தந்தை பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்; எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தும் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டேன், அது ஐந்து ஆண்டானது. திரும்பிப் போய் விண்ணப்பித்தபோது வயது வரம்புக்கு மிக அருகில் நின்றேன்.

அவன் தேறுகிறானா என்பதை அளக்க, கோல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஆடிய நிமிடங்களைக் குறித்து வையுங்கள். ஒரு பள்ளி நோட்டில், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எத்தனை நிமிடம், எந்த இடத்தில், எதற்காக வெளியே எடுக்கப்பட்டான் என்று மூன்று வரி போதும். முதல் பருவத்தில் குறைவாக இருப்பது இயல்பு. 22 வயது முடியும்போது, டிப்ளோமாவும் கைக்கு வந்திருக்கும். அப்போது அந்த நோட்டில் தொடர்ந்து முழு ஆட்டங்கள் தெரிந்தால், அவன் கேட்காமலேயே இன்னோர் அணி அழைத்திருந்தால், முழுநேரமாகப் போகட்டும். இல்லையென்றால், மின்பொறியியல் வேலையோடு மாலையில் அதே லீக்கில் தொடரட்டும். அப்படி ஆடும் பலர் முப்பது வயதுவரை மகிழ்ச்சியாக ஆடுவதை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். அக்காளிடம் நீங்கள் சொல்லவேண்டிய பதிலும் இதுதான் என்று நினைக்கிறேன்: 25 வயதில் அவன் கையில் என்ன இருக்கும் என்பதை இன்றே ஏற்பாடு செய்துவிட்டேன் என்று.

கையெழுத்து நாளில் நீங்களும் உடன் போங்கள். ஒப்பந்தத்தை அங்கேயே நின்று படித்து முடிக்கச் சொன்னால் மறுத்து, ஓர் இரவு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கையெழுத்தான பிறகு இரு தரப்பும் ஒப்பமிட்ட நகல் ஒன்று உங்கள் கையில் இல்லாமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.